லாரி விபத்து: பணம் கட்டுவது யார்?

விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி (சங்ககிரி): லாரியை விற்றுவிட்டேன். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. விபத்து வழக்கில் எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. நான் எப்படிப் பொறுப்பு?

பதில்: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. விற்பனை ஒப்பந்தம் உங்களைக் காப்பாற்றாது. விபத்து நாளில் இன்சூரன்ஸ் நடப்பில் இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் கட்டிவிட்டு, வாங்கியவரைத் துரத்த வேண்டியதுதான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று யாரும் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி (ஓசூர்): டிரைவரிடம் கார் ஓட்டும் லைசென்ஸ் மட்டும்தான் இருந்தது. இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்குமா?

பதில்: வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் என்றால் அதைச் சொல்லிக் கைவிரிக்க முடியாது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே தீர்த்துவைத்த விஷயம். பத்துச் சக்கர லாரி என்றால், இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் நிறுவனத்தைக் கட்டச் சொல்லிவிட்டு, உங்களிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்ல வாய்ப்பு உண்டு.

கேள்வி (திண்டுக்கல்): இரவில் நின்றிருந்த லாரியில் மோதித் தம்பி இறந்துவிட்டான். எஃப்.ஐ.ஆர். அவன் மீதே போட்டிருக்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?

பதில்: தாராளமாக. எஃப்.ஐ.ஆர். தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பார்வை மகஜரையும் வரைபடத்தையும் வாங்குங்கள். லாரி தார் மேல் நின்றதா, மண் ஓரத்தில் நின்றதா? மோட்டார் வாகன ஆய்வாளர் பின்விளக்கைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்? வழக்கு இந்த இரண்டில்தான் இருக்கிறது. பிறருக்கு ஆபத்தாக வண்டியை நிறுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவின்படி தவறு. விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போடுங்கள்.

கேள்வி (நாமக்கல், லாரி உரிமையாளர்): நின்ற லாரி மேல் வழக்கா? இது அநியாயம். பின்னால் வந்து மோதியவன் மீதுதானே தவறு? டயர் வெடித்தால் எங்கே போவது? என் டிரைவர் கல்லும் மரக்கிளையும் வைத்துவிட்டுத்தான் ஜாக்கி போடுவார்.

பதில்: டயர் வெடித்தது தவறு என்று யாரும் சொல்லவில்லை. விளக்கில்லாமல் நின்றதுதான் தவறு. எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது மரக்கிளை எங்கே தெரியும்? இப்படி ஒரு வழக்கில், விளக்கில்லாமல் நடுச்சாலையில் நின்ற டேங்கர் மீது கார் மோதியது. உயர் நீதிமன்றம் கார்க்காரர் தலையிலும் பாதிப் பழியை வைத்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வெளிச்சம் பட்டால் மின்னும் எச்சரிக்கை முக்கோணப் பலகையை வாங்கிக் கேபினில் போடுங்கள்.

கேள்வி (அதே நாமக்கல்): பின்னால் வந்து மோதிய பையனிடம் லைசென்ஸே இல்லாவிட்டால்?

பதில்: அதற்கு அபராதம் தனி. லைசென்ஸ் இல்லாததாலேயே மோதினான் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். வேகமாக வந்தான், குடித்திருந்தான் என்று சாட்சியோடு காட்டுங்கள்; அந்த அளவுக்குத் தொகை குறையும். விளக்கு எரிந்ததற்குச் சாட்சி இருக்கிறதா? அதை முதலில் சொல்லுங்கள்.

கேள்வி (கரூர்): லாரியை விற்றுவிட்டேன், ஆர்.சி. இன்னும் என் பெயரில்...

பதில்: சங்ககிரிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். இன்றைக்கே ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள்.

கேள்வி (சேலம்): சரக்கு லாரியில் லிஃப்ட் கேட்டு ஏறியவருக்கு இன்சூரன்ஸ் உண்டா?

பதில்: கிடையாது. 2003-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்டால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும்.

கேள்வி (திருச்சி): டிரைவருக்கு ஜாமீன் எப்படி வாங்குவது?

பதில்: குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள்.