லைசென்ஸ் எண் தெரியவில்லையா? எல்லையோர மக்களின் கேள்விகளும் பதில்களும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் பதினாறு ஆண்டுகளாக மக்களுக்கு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். டிரைவிங் லைசென்ஸைத் தொலைத்தவர்கள் ஓடிவரும்போது முகத்தில் தெரியும் கலக்கம் எனக்குப் பழகிய ஒன்று. அட்டை போனதைவிட, அதிலிருந்த எண் நினைவில் இல்லையே என்பதுதான் அவர்களுக்குப் பெரிய கவலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, பால் வண்டி ஓட்டுகிறேன். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் பர்ஸ் தொலைந்துவிட்டது. டூப்ளிகேட் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம் என்று போனால், முதல் கட்டத்திலேயே பழைய எண்ணைக் கேட்கிறது. அதுதானே என்னிடம் இல்லை?

தம்பி, தொலைந்தது அட்டைதான். எண் அரசின் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் சாரதி என்ற பகுதி உண்டு. அதில் கேரளாவைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனால், விண்ணப்ப எண்ணைத் தேடும் வசதி இருக்கும். உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் நீங்கள் முன்பு போட்ட விண்ணப்பத்தின் எண் கிடைக்கும். அந்த எண்ணோடு விண்ணப்பத்தின் நிலையைப் பார்த்தால் லைசென்ஸ் எண் தெரியவரலாம்.

அதற்கு முன்னால் வீட்டை ஒரு முறை அலசிப் பாருங்கள். வண்டிக் கடனுக்குக் கொடுத்த ஜெராக்ஸ், பழைய அபராதச் சீட்டு, லைசென்ஸ் தயாரானபோது கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தி, ஃபாஸ்டேக் வாங்கும்போது கொடுத்த அடையாளச் சான்று என்று எண் பல இடங்களில் ஒளிந்திருக்கும். ஆவணங்களைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளும் அரசின் டிஜிலாக்கர் செயலியில் எப்போதாவது லைசென்ஸை இறக்கி வைத்திருந்தால் வேலை இன்னும் சுலபம். புதிதாக இறக்குவதற்கு அதுவும் எண்ணைக் கேட்கும்.

நீங்கள் சொன்னபடி தேடிப் பார்த்தேன். பெயரும் பிறந்த தேதியும் சரியாகவே கொடுத்தேன். பதிவு எதுவும் இல்லை என்று வருகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு வரும் தனிச்சிக்கல் இது. இன்று நீங்கள் எழுதும் பெயரைத் தேடினால் போதாது. லைசென்ஸ் எடுத்த அன்று அலுவலகத்தில் எப்படி எழுதினார்களோ அப்படித்தான் தேட வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர் வந்தார். பெயர் சண்முகம். ஆதாரில் உள்ளபடியே எழுதித் தேடினோம், கிடைக்கவில்லை. இன்ஷியலை முன்னால் போட்டோம், பின்னால் போட்டோம், இன்ஷியலுக்குப் பதிலாக அப்பா பெயரையே முழுதாக எழுதினோம். பலன் இல்லை. கடைசியில் அவருடைய பழைய ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தேன். மலையாளத்தில் சண்முகன் என்று இருந்தது. ஆங்கிலத்தில் கடைசி எழுத்தை எம்மிலிருந்து என்னுக்கு மாற்றித் தேடியதும் பதிவு திரையில் வந்து நின்றது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தார்.

அதனால் ழகரம் உள்ள பெயரானால் அதை ஆங்கிலத்தில் எழுதும் எல்லா விதங்களையும் முயன்று பாருங்கள். கவிதா, சுமதி போன்ற பெயர்களில் தகரத்துக்குப் பின் எச் சேர்த்தும் சேர்க்காமலும் பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதியும் ஆதாரில் வேறொன்றும் இருந்தால் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். லைசென்ஸ் எடுத்த காலத்துச் சான்று எதுவோ அதிலுள்ளபடிதான் பதிவு இருக்கும்.

நான் பிறந்ததும் லைசென்ஸ் எடுத்ததும் ஆந்திரச் சித்தூரில். கல்யாணமாகி வந்தது பாலக்காட்டுச் சித்தூருக்கு. எந்தச் சித்தூரில் தேடுவது?

ஆந்திராவில்தான் தேட வேண்டும், தங்கச்சி. சாரதி தளத்தில் முதலில் மாநிலத்தைக் கேட்கும். அங்கேயே ஆந்திரப் பிரதேசத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் எண்ணில் ஏ.பி. என்ற எழுத்துகள் இருக்கும். இங்குள்ள சித்தூர் அலுவலகத்தின் குறியீடு கே.எல். 70. ஆந்திரப் பதிவுகளில் வீட்டுப் பெயர் முன்னால் நிற்பது வழக்கம் என்பதால் அதையும் சேர்த்துத் தேடுங்கள். கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தால் இந்தத் தேடலில் அதை விட்டுவிடுங்கள்.

இங்கே உள்ளூரிலும் இதே குழப்பம் உண்டு. சித்தூரில் அலுவலகம் வருவதற்கு முன்பு லைசென்ஸ் எடுத்தவர்கள் பெரும்பாலும் பாலக்காட்டின் கே.எல். 09 கணக்கில் இருப்பார்கள். பொள்ளாச்சியில் எடுத்திருந்தால் டி.என். 41. இப்போது எங்கே குடியிருக்கிறோம் என்பதை மறந்துவிட்டு, அன்று எங்கே எட்டுப் போட்டுக் காட்டினோம் என்பதை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.

ஐந்தாறு எண்கள் மட்டும் நினைவில் இருக்கின்றன. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். இப்போதைய எண்ணில் மொத்தம் 15 இடங்கள். மாநிலத்துக்கு 2 எழுத்து, அலுவலகத்துக்கு 2 இலக்கம், வழங்கிய ஆண்டுக்கு 4 இலக்கம், கடைசி 7 இலக்கம் வரிசை எண். மாநிலமும் அலுவலகமும் ஆண்டும் தெரிந்தால் முதல் 8 இடங்கள் கைக்கு வந்துவிடும். வரிசை எண் ஏழு இலக்கத்துக்குக் குறைந்தால் முன்னால் சுழியம் போட்டு நிரப்புவார்கள். நினைவில் நிற்பது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதிதான். சேர்த்து எழுதி, பிறந்த தேதியோடு லைசென்ஸ் விவரம் பார்க்கும் பக்கத்தில் கொடுத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் உங்கள் விவரமே வரும்.

ஐயாவுக்கு வயது 58. 1994இல் பாலக்காட்டில் எடுத்த புத்தக லைசென்ஸ். மழையில் நனைந்து கூழாகிவிட்டது. இணையத்தில் எங்கும் பெயர் இல்லை.

கையால் எழுதிய பழைய பதிவுகள் பல கணினியில் ஏற்றப்படாமலே நின்றுவிட்டன. அப்படிப்பட்டவர்கள் இணையத்தில் தேடித் தேடி மனம் சோர்ந்து போக வேண்டாம். ஐயாவையே நேரில் அழைத்துக்கொண்டு பாலக்காடு அலுவலகத்துக்குப் போங்கள். கூழான புத்தகத்தையும் எறிந்துவிடாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போங்கள்; முத்திரையின் ஓரமும் ஆண்டும் தெரிந்தாலே பதிவேட்டைப் புரட்டுகிறவருக்குப் பெரிய உதவி. அந்தக் காலத்து எண்கள் சாய்கோடு போட்டு 9/1234/1994 என்பது போல இருக்கும். அதையே கணினி முறையில் எழுதினால் கே.எல். 09க்குப் பின் 1994, அதற்குப் பின் 0001234.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐயா கடைசியாக எப்போது புதுப்பித்தார்? காலாவதியாகி ஓராண்டு தாண்டியிருந்தால் எண் கிடைத்தாலும் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

நான் பழகிய டிரைவிங் ஸ்கூலில் கேட்டால் தருவார்களா?

கட்டாயம் கேளுங்கள். பலருக்கு இந்த வழி தோன்றுவதே இல்லை. ஒவ்வொரு பயிற்சிப் பள்ளியும் படிவம் 14 என்ற பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. நீளமான அந்த நோட்டில் மாணவரின் பெயர், பிறந்த தேதி, எல்.எல்.ஆர். எண், தேர்வில் தேறிய நாள் என்று கட்டம் கட்டமாகப் போகும். அதே வரிசையில் லைசென்ஸ் எண்ணுக்கும் ஒரு கட்டம் உண்டு. சேர்ந்த ஆண்டையும் மாதத்தையும் சொன்னால் அரை மணி நேரத்தில் தேடி எடுத்துவிடலாம். லைசென்ஸ் எண் எழுதாமல் விட்டிருந்தாலும் எல்.எல்.ஆர். எண் இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைப் பிடித்துக்கொண்டே மேலே போகலாம்.

என் கணவர் விபத்தில் இறந்துவிட்டார். பர்ஸ் கிடைக்கவில்லை. காப்பீட்டுக்கு அவருடைய லைசென்ஸ் எண் கேட்கிறார்கள். நான் எங்கே போய்க் கேட்பேன்?

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. மனம் தளராதீர்கள், இது கிடைக்கக்கூடியதுதான். அவர் தம் வண்டியைத் தாமே ஓட்டியவர் என்றால், தனிநபர் விபத்துக் காப்பீடாக 15 லட்சம் ரூபாய்க்கு வழி இருக்கலாம். அதற்கு அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தது என்று காட்ட வேண்டும். அதனால்தான் கேட்கிறார்கள்.

முதலில் விபத்தைப் பதிவு செய்த காவல் நிலையத்தில் கேளுங்கள். வழக்குக் கட்டில் ஓட்டியவரின் உரிம விவரமும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அவர் வேலை பார்த்த இடத்தில் நகல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அவருடைய ஆதார் நகல் ஆகியவற்றோடு லைசென்ஸ் வழங்கிய அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள். எண்ணை மட்டும் கேட்காமல் உரிமப் பதிவின் சாற்றுநகலையே, அதாவது டி.எல். எக்ஸ்ட்ராக்டையே கேளுங்கள். எந்தெந்த வண்டிக்கு, எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்கும். காப்பீட்டுக்காரர்கள் அடுத்துக் கேட்கப்போவதும் அதுதான். கொடுத்த விண்ணப்பத்துக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். எழுதத் துணை வேண்டுமானால் நேரில் வாருங்கள். நான் எழுதித் தருகிறேன்.

கைப்பேசியில் லைசென்ஸின் படம் இருக்கிறது. டூப்ளிகேட் வரும்வரை அதைக் காட்டி எல்லையிலுள்ள கோவிந்தாபுரம் வழியாக ஓட்டலாமா?

படத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆனால் அந்தப் படத்தில் எண் இருக்கிறதே, அண்ணா! அதை வைத்து டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹன் செயலியிலோ லைசென்ஸை இறக்கிக்கொள்ளுங்கள். 2018 நவம்பரில் விதியைத் திருத்தி, மின்னணு வடிவில் காட்டும் ஆவணத்தையும் ஏற்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் எடுத்த லைசென்ஸ் அந்தப் பக்கம் செல்லுமா என்ற பயமும் வேண்டாம். இந்தியா முழுவதும் செல்லும். லைசென்ஸே எடுக்காமல் ஓட்டினால்தான் 5,000 ரூபாய் அபராதம் என்ற பெரிய விஷயம் வரும்.

ஒருவர் 1,500 ரூபாய் கொடுத்தால் எண்ணை எடுத்துத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் வாட்ஸ்அப்பில் ஒரு செயலியை அனுப்பி அதில் தேடச் சொல்கிறார்.

இரண்டும் வேண்டாம். உங்கள் எண்ணை நீங்கள் தெரிந்துகொள்ள யாருக்கும் அவ்வளவு பணம் தர வேண்டியதில்லை. இரண்டாவது இன்னும் கொடியது. பரிவாஹன் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பைத் திறந்து வங்கிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் கேரளத்தில் நிறையப் பேர். செயலி வேண்டுமானால் ப்ளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். இணையதள முகவரி ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஓ.டி.பி.யை உங்களுக்கு உதவி செய்கிறவரிடம்கூட, என்னிடம்கூட, வாய்விட்டுச் சொல்லாதீர்கள், நீங்களே அழுத்துங்கள்.

எண் கிடைத்துவிட்டது அக்கா! டூப்ளிகேட் வந்தால் எண் மாறுமா?

மாறாது. அதே எண்தான். தமிழ்நாட்டில் எடுத்த லைசென்ஸ் என்றால் புது அட்டை தபாலில்தான் வரும். அதனால் விண்ணப்பிக்கும் முன் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் சரிபார்த்துவிடுங்கள். கிடைத்த எண்ணை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி, பிறந்த தேதியையும், பதிவில் உள்ளபடியே பெயரின் ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து, ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துவிடுங்கள்.