வால்யூம் பாட் தானா ஆடுதா? ஃபில்டர், ஹிஸ்டரிசிஸ் எதுல வைக்கணும்

ஏடிஏயு1701 (ஆடியோவை ப்ராசஸ் பண்ற டிஎஸ்பி சிப்) போர்டுல பாட் (வால்யூம் குமிழ்) மாட்டி சொந்தமா ஆம்ப் கட்டின ஒருத்தர் கேட்டிருக்கார்: "வால்யூம கம்மியா வச்சா நான் தொடாமலே சத்தம் லேசா ஏறி ஏறி இறங்குது. போர்டு வித்தவர்கிட்ட கேட்டா ஃபில்டரை பைபாஸ் பண்ணுங்க, சவுண்டும் கிளியர் ஆயிடும்ங்கிறார். சிக்மாஸ்டுடியோவுல (சிப்புக்கு ப்ரோகிராம் போடுற சாஃப்ட்வேர்) பாட் ஃபில்டருக்கு நாலு ஆப்ஷன் இருக்கு, எதை வைக்கிறது?"

00 வைங்க, அதாவது 4 பிட் ஹிஸ்டரிசிஸ் (சின்ன அசைவை கண்டுக்காம விடுறது). அப்பவும் ஆடினா 01, அது 5 பிட். மிச்ச ரெண்டும் உங்களுக்கு வேண்டாம், 11 வச்சா வேகமான நடுக்கத்தை வடிகட்டுற லோ-பாஸ் ஃபில்டர் போயிடும், 10 வச்சா ஃபில்டரும் ஹிஸ்டரிசிஸும் சேர்ந்தே போயிடும்.

வித்தவர் சொன்னது சுத்த தப்பு. இந்த சிப்ல ஆடியோ உள்ள வர்ற ஏடிசி (வோல்டேஜை நம்பரா மாத்துற பகுதி) தனி, பாட் மாட்டுற ஏடிசி தனி. குமிழுக்கானது (ஆக்ஸ் ஏடிசி) வெறும் 8 பிட், அதாவது 256 படி, எம்பி2, எம்பி3, எம்பி8, எம்பி9னு நாலு கால்ல வரும், அது வழியா ஆடியோ ஒரு சொட்டு கூட போறதில்ல, குமிழ் எங்க நிக்குதுன்னு பாத்து சொல்றது மட்டும்தான் அதோட வேலை. அப்போ அங்க இருக்கிற ஃபில்டரை எடுத்தா சவுண்ட் எப்படிங்க கிளியர் ஆகும்? ஆட்டம்தான் அதிகமாகும். இதையே "ஸ்பெஷல் டியூனிங்"னு சொல்லி ஈப்ராம்ல (பவர் போனாலும் ப்ரோகிராமை வச்சிருக்கிற மெமரி சிப்) ஏத்தி தனியா காசு வாங்குறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அந்த வலையில விழாதீங்க. காசு குடுத்து வாங்கித்தான் ஆகணும்னா ப்ராஜெக்ட் ஃபைலோட வாங்குங்க. ஈப்ராம்ல இருக்கிறத படிச்சா வெறும் ஹெக்ஸ் நம்பர்தான் கிடைக்கும், அதுலேர்ந்து உங்க ஸ்கீமாட்டிக்க (சிக்மாஸ்டுடியோவுல வரைஞ்ச படத்த) திரும்ப வரவழைக்க முடியாது, நாளைக்கு ஒரு சின்ன மாத்தத்துக்கும் அதே ஆள்கிட்ட போய் நிக்கணும். ஃபைல் தரமாட்டேன்னு சொன்னா அந்த இடத்தை விட்டு வந்துடுங்க.

ஹிஸ்டரிசிஸ்ங்கிறது பழைய சைக்கிள் ஹேண்டில்பார்ல இருக்கிற ஆட்டம் மாதிரி, கொஞ்சமா திருப்பினா சக்கரம் அசையாது, ஒரு அளவு தாண்டினாதான் திரும்பும். கணக்கு 12 பிட் அளவுல நடக்குது, அங்க 4096 படி, அதுல 4 பிட்னா 16 படி. நீங்க பாக்கிற 256 படியில இது ஒரு படிக்கு சமம், 5 பிட்னா ரெண்டு படி. ஒரு படிங்கிறது சுமார் 12 மில்லிவோல்ட், அவ்வளவு சின்ன நடுக்கத்தைத்தான் இது அமுக்கும். டேட்டாஷீட்ல இதெல்லாம் ஒரு குட்டி டேபிள்ல நாலு வரி, எந்த வேலைக்கு எதைன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா எத்தனை பேரோட நேரம் மிச்சமாகியிருக்கும்!

உங்க கேஸ்ல வயரிங் மேலயும் எனக்கு சந்தேகம். 10 கே லீனியர் பாட் போடுங்க, ஒரு முனை 3.3 வோல்ட், இன்னொண்ணு கிரவுண்ட், நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், அதுவும் சிப்போட காலுக்கு பக்கத்துல. குமிழோட கிரவுண்ட பவர் ஆம்ப் பக்கம் எடுக்காம டிஎஸ்பி போர்டுலேர்ந்தே எடுங்க, ஸ்பீக்கர் கரண்ட் ஓடுற வயர்ல கிரவுண்ட் எடுத்தா எந்த ஹிஸ்டரிசிஸும் காப்பாத்தாது.

சத்தம் கம்மியா இருக்கும்போது மட்டும் ஏன் ஆட்டம் காதுல விழுதுன்னா, பாட் மதிப்ப அப்படியே வால்யூமா பெருக்கியிருப்பீங்க. 200லேர்ந்து 201க்கு போனா 0.04 டெசிபல்தான், யாருக்கும் கேக்காது. 2லேர்ந்து 3க்கு போனா 3.5 டெசிபல், 1லேர்ந்து 2க்கு போனா 6 டெசிபல்! அதனால நடுவுல ஒரு லுக்அப் டேபிள் (எந்த பாட் மதிப்புக்கு எவ்வளவு வால்யூம்ங்கிற பட்டியல்) போட்டு டெசிபல் கணக்குல படிகளை பிரிங்க, வால்யூம் பிளாக்கும் ஸ்லூ (மதிப்பு மெல்ல மெல்ல மாறுறது) இருக்கிறதா எடுங்க, திருப்பும்போது வர்ற சரசர சத்தமும் போயிடும்.

ஒரு விஷயத்துல மட்டும் ஹிஸ்டரிசிஸ் உங்களுக்கு எதிரா வேலை செய்யலாம், அது சைபர். குமிழ முழுசா மூடினாலும் மதிப்பு 0க்கு வராம 1லயோ 2லயோ மாட்டிக்கலாம், 5 பிட் வச்சா இன்னும் வாய்ப்பு அதிகம். 1ல நின்னா மைனஸ் 48 டெசிபல், 2ல நின்னா மைனஸ் 42, ராத்திரி அமைதியில ஸ்பீக்கர் பக்கத்துல காது வச்சா பாட்டு மெல்லிசா ஓடிட்டே இருக்கும், நீங்க பாட் போச்சுன்னு நினைச்சு புதுசு வாங்கி மாட்டுவீங்க, அதுலயும் அப்படியேதான் இருக்கும். இதுக்காக ஹிஸ்டரிசிஸ எடுக்க வேண்டாம், குமிழயும் மாத்த வேண்டாம். அந்த லுக்அப் டேபிள்ல முதல் மூணு இடத்துக்கும் 0 எழுதிடுங்க, அதாவது 0, 1, 2 எது வந்தாலும் மியூட். மேல் முனையிலயும் அப்படியே, கடைசி மூணு இடத்துக்கு ஒரே மதிப்பு.

ஆக்ஸ் ஏடிசி எனேபிள் பிட்ட ஆன் பண்ணியாச்சான்னு பாத்துக்கோங்க, இல்லன்னா எதை மாத்தினாலும் பலன் இருக்காது. எல்லாம் மாத்தின அப்புறம் சிக்மாஸ்டுடியோவுல லிங்க் கம்பைல் டவுன்லோட் குடுத்தா மட்டும் போதாது, அது பவர் இருக்கிற வரைக்கும்தான். ஹார்ட்வேர் பக்கத்துல சிப் மேல ரைட் கிளிக் பண்ணி புது கம்பைலேஷன ஈப்ராம்ல எழுதுங்க, பவர ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, குமிழ கால்வாசியிலயும் சைபர்லயும் வச்சு கேட்டுப் பாருங்க.