கடன் வாங்கியது யாரோ, ஏச்சு வாங்குவது நான்

கேள்வி: ஏழு மாதங்களுக்கு முன், தையல் தொழிலுக்கென்று தனியாக ஒரு சிம் வாங்கினேன். இரண்டாவது வாரத்திலிருந்தே ஒரு நிதி நிறுவனத்தின் வசூல் ஆட்கள் என்று சொல்லிக்கொண்டு தினமும் அழைக்கிறார்கள். இந்த எண்ணை முன்பு வைத்திருந்த யாரோ கடன் வாங்கித் தவணை கட்டவில்லையாம். "ராங் நம்பர்" என்றால் நம்புவதில்லை. "அவர் உங்க வீட்டுக்காரர்தானே, போனை அவர்கிட்ட குடுங்க" என்கிறார்கள். இரவு ஒன்பதரைக்குக்கூட அழைப்பு வருகிறது. போன வாரம் ஒருவன், "வீட்டுக்கு ஆள் அனுப்புறோம்" என்று மிரட்டினான். எனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபிக்க ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா? என் சிபில் ஸ்கோர் பாதிக்கப்படுமா? எண்ணை மாற்றினால் வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள். சிம் கம்பெனி மீது வழக்குப் போட முடியுமா?

பதில்: ஆதாரை அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தொல்லை விட்டால் போதும் என்று ஆதாரை அனுப்பிவைத்த ஓர் இளைஞர் என்னிடம் வந்திருக்கிறார். அதுவரை அவருடைய எண் மட்டும்தான் அவர்களிடம் இருந்தது. அதன் பிறகு பெயர், முகவரி, புகைப்படம் எல்லாம் சேர்ந்துகொண்டது. தொல்லை நிற்கவும் இல்லை. நீங்கள் கடன்காரர் இல்லை என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல. கடன் ஓர் ஒப்பந்தம். அதில் கையெழுத்திட்டவரும் ஜாமீன் போட்டவரும்தான் பொறுப்பு. அவர் ஒரு காலத்தில் பயன்படுத்திய எண் இன்று உங்கள் கையில் இருப்பதால் அவருடைய கடன் உங்கள் தலையில் ஏறாது. தவறு இருப்பது நிறுவனத்தின் பதிவேட்டில். அதைத் திருத்த வேண்டியவர்களும் அவர்களே.

சிம் கம்பெனி மீது வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் நிற்குமா என்பது எனக்குச் சந்தேகம். துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்துத்தான் வேறொருவருக்குத் தருகிறார்கள் என்று 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னது. பழைய எண்ணை மறுபடி விற்பதை எதிர்த்து வந்த அந்த மனுவை நீதிமன்றம் ஏற்கவில்லை. எண்ணை விட்டுப்போகும் சந்தாதாரர்தான் தன் தகவல்களைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்றது. 90 நாள் இடைவெளி விட்டிருந்தால், கம்பெனியின் பக்கம் பெரிய குறை காட்டுவது கடினம். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தெளிவாக்கிவிட்டது. ஆகையால் கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போய்ச் சொல்ல உங்களிடம் வலுவான விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் உண்மையான எதிராளி கடன் கொடுத்த நிறுவனம். 2025 ஜனவரி 17 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கைவிடப்பட்ட எண்களின் பட்டியலை, அதாவது மொபைல் நம்பர் ரிவொகேஷன் லிஸ்ட் என்பதைத் தொலைத்தொடர்புத் துறை தளத்தில் பார்த்து, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்கள் வாடிக்கையாளர் பதிவேட்டைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்கிறது அது. கெடு அதே ஆண்டு மார்ச் 31. பட்டியலைப் பார்த்திருந்தால், இந்த எண் கை மாறிவிட்டது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும். வசூல் ஆளிடம் போனில் கத்துவதைவிட, இந்தச் சுற்றறிக்கையைத் தேதியோடு கடிதத்தில் குறிப்பிடுவது வேலை செய்யும் என்பது என் அனுபவம்.

2022 ஆகஸ்ட் 12 தேதியிட்ட இன்னொரு சுற்றறிக்கையும் உங்களுக்கு உதவும். கடன் வசூலுக்காகக் காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஏழு மணிக்குப் பின்போ கடன்தாரரையே அழைக்கக் கூடாது என்கிறது அது. மிரட்டலும் தொல்லையும் 'எந்த நபருக்கும்' கூடாது என்றும் சொல்கிறது. கடன்தாரருக்கு மட்டும் என்று சொல்லாமல் எந்த நபருக்கும் என்று எழுதியிருப்பதால் நீங்களும் அதில் அடக்கம். முகவர் செய்ததற்கு நிறுவனமே பொறுப்பு. "அது வெளி ஏஜென்சி, எங்களுக்குத் தெரியாது" என்று கைகழுவ முடியாது.

சரி, அடுத்த அழைப்பு வரும்போது நிறுவனத்தின் முழுப்பெயரையும் அழைப்பவர் எந்த ஏஜென்சி என்பதையும் கேளுங்கள். உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லாதீர்கள். நிறுவனத்தின் பெயரையே சொல்ல மறுத்தால், அது வசூலே இல்லை, மோசடி என்று எடுத்துக்கொண்டு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், சந்தேக அழைப்புகளுக்கான சக்ஷு பகுதியில் புகார் செய்யுங்கள். "பாதித் தொகை கட்டினால் முடித்துவிடுகிறோம்" என்று பேச்சு திரும்பினாலும் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது.

பெயர் கிடைத்ததும், நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நீளமாக எழுத வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"இந்த எண் இன்ன தேதியில் புதிய இணைப்பாக எனக்கு வழங்கப்பட்டது. உங்கள் கடன்தாரர் யாரென்று எனக்குத் தெரியாது. இந்தத் தேதிகளில், இந்த நேரங்களில், இந்த எண்களிலிருந்து உங்கள் முகவர்கள் அழைத்து மிரட்டினர். ரிசர்வ் வங்கியின் 12.8.2022, 17.1.2025 சுற்றறிக்கைகளின்படி என் எண்ணை உங்கள் பதிவேட்டிலிருந்தும் முகவர்களின் பட்டியலிலிருந்தும் நீக்கி, எழுத்துமூலம் உறுதிப்படுத்தவும்."

சிம் எந்தத் தேதியில் இயக்கப்பட்டது என்பதற்குக் கம்பெனியிடமிருந்து ஒரு சான்று வாங்கி இணைக்கலாம். ஆதார் எண் அதில் தெரிந்தால் மறைத்துவிடுங்கள்.

30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் புகார் தளத்துக்குப் போகலாம்; 14448-ல் விவரம் கேட்கலாம். ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தத் தளத்துக்கு வரும் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) திட்டம் வாடிக்கையாளர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. நீங்கள் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் இல்லை என்று மனுவைத் திருப்பினாலும் திருப்பலாம். அப்படி ஆனால் ரிசர்வ் வங்கி அலுவலகங்களில் உள்ள நுகர்வோர் கல்வி மற்றும் பாதுகாப்புப் பிரிவுக்கு அதே புகாரை அனுப்புங்கள். ஆம்புட்ஸ்மன் வரம்புக்குள் வராத புகார்களைப் பார்ப்பது அந்தப் பிரிவுதான். நிறுவனத்தின் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதிலும் இதே சிக்கல்தான்: அவர்களிடம் நீங்கள் எந்தச் சேவையும் வாங்கவில்லை. சட்டத்தில் இது ஒரு பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன். கடன் வாங்கியவருக்குப் புகார் செய்ய ஒரு ஜன்னல் இருக்கிறது; கடனே வாங்காதவர் ஜன்னலைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

"ஆள் அனுப்புறோம்" என்றது வேறு ரகம். அதற்குக் காவல் நிலையம் போங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவு குற்றமுறு மிரட்டல் பற்றியது. ஆபாசமாகப் பேசினால் 79-வது பிரிவும் சேரும். அழைப்புப் பதிவு இருந்தால் அசல் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். நகலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும்; அதை உங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று யோசிக்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்கு அழையுங்கள்.

சிபில் விஷயம்: கடன் பதிவு பான் போன்ற அடையாள விவரங்களை வைத்து நிற்கிறது. எண் ஒன்றாக இருப்பதால் மட்டும் அடுத்தவர் கடன் உங்கள் கணக்கில் வந்துவிடாது. இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தெரியாத கடன் ஏதாவது இருந்தால் உடனே ஆட்சேபியுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த எண்ணுக்கு அவருடைய ஓடிபியும் வங்கிச் செய்தியும் வந்துகொண்டிருக்கலாம். யார் என்று கண்டுபிடித்துவிடலாமே என்று அந்த ஓடிபியைப் போட்டு அவர் கணக்கைத் திறந்து பார்த்துவிடாதீர்கள். அடுத்தவரின் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். உங்கள் நோக்கம் நல்லதுதான் என்று பிறகு விளக்கிக்கொண்டிருப்பது வீண் அலைச்சல். எந்த வங்கியிலிருந்து வருகிறதோ, அவர்களுக்கு "இந்த எண் இப்போது என்னுடையது" என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எண்ணை மாற்றத்தான் வேண்டும் என்று தோன்றினால், புதிய எண்ணைச் சில மாதம் கூடவே வைத்திருந்து, வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி, வங்கி, யூபிஐ, ஆதார், வாட்ஸ்அப் என்று எல்லா இடத்திலும் பழையதை எடுத்த பிறகே கைவிடுங்கள். அதையும் நாளைக்கு யாருக்காவது கொடுக்கத்தான் போகிறார்கள்.