ஐஸ் ஸ்கேற்றைப் போல் ஓடும் சில்லுகளைத் தெரிவு செய்வது எப்படி?

தம்பி, சென்ற மார்கழியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனடாவில் ரொறன்ரோவுக்குப் பக்கத்திலுள்ள மார்க்கம் நகரில் குடியேறியிருக்கும் உங்கள் பன்னிரண்டு வயது மகன் ஒரே குளிர்காலத்தில் ஐஸ் ஸ்கேற் ஓடக் கற்றுக்கொண்டுவிட்டான் என்றும், ஐஸ் ஓடும் தளங்களான வெளி ரிங்குகள் மூடப்பட்ட பின்னர் வீதியில் ஓடுவதற்கு, சில்லுகள் ஒரே வரிசையில் பூட்டிய இன்லைன் ஹொக்கி ஸ்கேற் கேட்கிறான் என்றும், கடையில் சில்லுகளின் மேல் அச்சிட்டிருக்கும் இலக்கங்களில் எதை வாங்கினால் ஐஸில் ஓடுவது போலவே இருக்கும் என்று விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். என் பிள்ளைகள் இருவரும் ஸ்காபரோவில் இதே விளையாட்டோடு வளர்ந்தவர்கள். கோடை முழுவதும் அவர்களுடைய சில்லுகளைக் கழற்றிப் பூட்டும் வேலை கராஜில் என் பொறுப்பாகவே இருந்தது. அந்தப் பழக்கத்தில் அறிந்தவற்றை எழுதுகிறேன்.

எத்தனை டொலர் கொடுத்து வாங்கினாலும் எந்தச் சில்லும் ஐஸின் வழுக்கலைத் தராது. ஐஸில் ஒரு தடவை உந்தினால் கிடைக்கும் நீண்ட ஓட்டம் தார் வீதியில் கிடைக்காது. ஐஸ் ஸ்கேற்றின் அடித் தகட்டைப் பக்கவாட்டில் திருப்பி ஐஸைச் சீவி நிற்பதும் சில்லில் அப்படியே வராது. ஆனால் குறுகிய இடத்தில் திரும்புவது, ஒற்றைக் காலில் வளைந்து செல்வது, முன்பக்கமாக ஓடிக்கொண்டிருந்து சட்டென்று பின்பக்கமாக மாறுவது ஆகியவற்றை ஐஸுக்கு மிக அருகில் கொண்டுவர முடியும். 1980-இல் மின்னியாபொலிஸில் ரோலர்பிளேட் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்கொட் ஒல்சன், பிரெனன் ஒல்சன் என்ற சகோதரர்கள் ஹொக்கி விளையாடியவர்கள். ஐஸ் இல்லாத மாதங்களிலும் பயிற்சி செய்ய வேண்டும் என்பதற்காகவே அவர்கள் ஒரு பழைய இன்லைன் ஸ்கேற்றை எடுத்துத் திருத்தியமைத்தார்கள். ஆகவே உங்கள் மகன் கேட்பது, இன்றைய இன்லைன் ஸ்கேற் எதற்காக உருவானதோ அதைத்தான்.

அவனுடைய ஐஸ் ஸ்கேற்றை எடுத்து, தகட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அடிப்பக்கம் நேர்கோடாக இராது; நடுப்பகுதி சற்றுத் தாழ்ந்தும் நுனியும் குதியும் மெல்ல உயர்ந்தும், ஆடும் நாற்காலியின் கால் போல வளைந்திருக்கும். ஹொக்கித் தகட்டில் இந்த வளைவு பெரும்பாலும் ஒன்பது அல்லது பத்து அடி ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டாக இருக்கும். அதனால் நிமிர்ந்து நிற்கும்போது தகட்டின் நடுவில் சில சென்ரிமீற்றர் மட்டுமே ஐஸைத் தொடும். பாதத்தைத் திருப்பினால் உடல் உடனே திரும்புவதற்கு அதுவே காரணம். கடையில் வாங்கிய இன்லைன் ஸ்கேற்றில் நான்கு சில்லுகளும் ஒரே மட்டத்தில் நிலத்தைத் தொடுகின்றன. முதற்சில்லுக்கும் கடைசிச் சில்லுக்கும் இடையிலுள்ள முழு நீளமும் நிலத்தைப் பற்றிக்கொண்டிருப்பதால் நேராக ஓடுவதற்கு அது உறுதியாக இருக்கும். திரும்ப முயலும்போதோ காலைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். ஐஸில் பழகிய பிள்ளைகள் முதல் நாளில் "இது திரும்புதில்லை அப்பா" என்று முறையிடுவது இதனால்தான்.

கடைக்காரர்கள் சிலர் ஹை-லோ அமைப்பைக் காட்டி, இதுதான் ஐஸ் போல இருக்கும் என்று சொல்வார்கள். பெரியவர்களின் அளவுகளில் முன்னால் 76 மில்லிமீற்றர் விட்டமுள்ள இரண்டு சில்லுகளும் பின்னால் இரண்டு 80 மில்லிமீற்றர் சில்லுகளும் பூட்டுவதை அப்படி அழைக்கிறார்கள். அதனால் உடல் சற்று முன்சாய்ந்து நிற்கிறது, சில்லுகளைத் தாங்கும் சட்டமும் கொஞ்சம் குறுகுகிறது; இரண்டும் நல்லவையே. எனினும் அந்தச் சட்டத்தில் அச்சுத் துளைகளையே வெவ்வேறு உயரங்களில் இட்டிருப்பதால் நான்கு சில்லுகளின் அடியும் மட்டமாகவே நிற்கும். சில்லுகளின் அளவு வேறுபடுகிறது என்பதற்காக வளைவு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

வளைவை நாமே உண்டாக்கலாம், செலவும் அதிகமில்லை. ஒரே உயரத்தில் அச்சுகள் உள்ள சட்டத்தில் நான்கும் 80 ஆக இருந்தால் முதலாவதையும் நான்காவதையும் கழற்றிவிட்டு 76 பூட்டுங்கள். விட்டத்தில் நான்கு மில்லிமீற்றர் குறைந்தால் ஆரத்தில் இரண்டு குறையும், ஆகவே இரு முனைச் சில்லுகளும் நிலத்திலிருந்து இரண்டு மில்லிமீற்றர் உயர்ந்து நிற்கும். உங்கள் மகனின் அளவில் நான்கும் 76 என்று வந்தால், 72, 76, 76, 72 என்று பூட்டினால் அதே பலன் கிடைக்கும். ஹை-லோ சட்டத்தில் கணக்கு மாறும்: 76, 76, 80, 80 என்று இருப்பதை 72, 76, 80, 76 என்று மாற்ற வேண்டும். எங்கேயும் ஏற்கெனவே இருந்ததைவிடப் பெரிய சில்லை நுழைக்க வேண்டாம், அது சட்டத்திலோ பக்கத்துச் சில்லிலோ உரசும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஸ்கேற்றை மட்டமான தரையில் வைத்து, இரண்டு வங்கி அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து முன்சில்லின் கீழே செலுத்திப் பாருங்கள். அவை தடையின்றி நுழைந்தால் வேண்டிய இடைவெளி இருக்கிறது. அதற்கு மேல் ஆசைப்பட்டு 80-க்கு 72 பூட்டினால் ஆட்டம் அளவு கடந்து, பிள்ளை முன்னும் பின்னும் கவிழத் தொடங்குவான்.

ஆனாலும் உங்கள் மகனுக்கு முழு வளைவை முதல் நாளிலேயே கொடுக்காதீர்கள். முன்சில்லை மட்டும் சிறியதாக்கிவிட்டு மற்ற மூன்றையும் மட்டமாக விட்டால், நுனியில் எழும்பித் திரும்புவது இலகுவாகும்; குதிப் பக்கம் உறுதியாக இருப்பதால் பின்னால் விழும் பயமும் குறையும். இரண்டு மூன்று கிழமைகள் அப்படி ஓடிப் பழகிய பின்னர் கடைசிச் சில்லையும் மாற்றலாம். முழு வளைவில் நடுச் சில்லுகள் இரண்டிலேயே உடலின் பாரம் முழுவதும் நிற்பதால், வேகமாக ஓடும்போதும் இறக்கத்தில் இறங்கும்போதும் கால் நடுங்கும். ரொறன்ரோவின் ஏரிக்கரையோர மார்ட்டின் குட்மன் பாதை போன்ற இடத்தில் குடும்பமாக நீண்ட தூரம் ஓட நினைக்கும் நாளில் பழைய மட்டமான ஒழுங்குக்கே திரும்புவது நல்லது. அலன் சாவி (அறுகோணச் சாவி) ஒன்று கையில் இருந்தால் கால் மணி நேர வேலை.

அடுத்துப் பார்க்க வேண்டியது சில்லின் கடினத்தன்மை. சில்லின் பக்கத்தில் 76ஏ, 82ஏ என்று எழுதியிருப்பது அதன் கடினத்தின் அளவு. இலக்கம் கூடக் கூடச் சில்லு கல்லாகும். ஐஸ் கடினமானது, ஆகவே கடினமான சில்லுதான் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஐஸில் தகடு வெட்டிப் பிடிக்கிறது. அந்தப் பிடிப்பைச் சில்லில் தருவது மென்மைதான். உள்ளரங்கில் பிளாஸ்ரிக் ஓடு பதித்த தளத்தில் 74 முதல் 76 வரையிலான சில்லுகளைப் பூட்டுவது அந்தப் பிடிப்புக்காகவே. அதே சில்லைத் தார் வீதிக்குக் கொண்டுபோனால் சில நாட்களிலேயே அழிறப்பர் போலத் தேய்ந்து உதிரும். வீதிக்கென்று விற்பவை பொதுவாக 82 முதல் 85 வரை இருக்கும். உங்கள் மகனைப் போன்ற எடை குறைந்த பிள்ளைக்கு 85 பூட்டினால் அது நிலத்தைப் பிடிக்காமல் வழுக்கும், ஒவ்வொரு கல்லின் அதிர்வும் முழங்காலுக்கு ஏறும். நல்ல தளம் கிடைத்தால் 78 முதல் 80 வரை அவனுக்குப் போதும். வீட்டு வாசல் வீதிதான் என்றால் 82. நீங்களும் அவனோடு ஓடப்போவதானால் உங்கள் எடைக்கு 84 அல்லது 85 வேண்டும். நடுச் சில்லுகள் இரண்டையும் ஒரு படி மென்மையாகவும் முனைச் சில்லுகளை ஒரு படி கடினமாகவும் பூட்டினால், திரும்பும்போது நடுப்பகுதி பிடிக்கும், முனைகள் இலகுவாக வழுகிக்கொடுக்கும். ஐஸை நினைவூட்டும் ஒழுங்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சில்லைத் தெரிவு செய்யுமுன் எங்கே ஓடப்போகிறான் என்பதைத் தீர்மானியுங்கள். இங்குள்ள வீதிகள் குளிர்காலத்தில் உறைந்தும் உருகியும் வெடித்துப்போகின்றன. பங்குனி, சித்திரையில் உப்பும் சிறுகற்களும் ஓரங்களில் குவிந்து கிடக்கும். நகரசபையின் வெளி ரிங்குகளில் பல, ஐஸ் போனதும் வெறும் கொங்கிறீற்றுத் தளமாகக் கோடை முழுவதும் கிடக்கின்றன. சுற்றிலும் பலகைத் தடுப்பும் இருப்பதால் பந்து வீதிக்கு ஓடாது. உங்கள் வீட்டுக்குக் கிட்ட அப்படி ஒன்று இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். வீதியில்தான் என்றால் போக்குவரத்துக் குறைந்த முட்டுச் சந்தைத் தேர்ந்தெடுங்கள். வீதி ஹொக்கிக்கு இருந்த தடையை ரொறன்ரோ நகரசபை 2016-இல் நிபந்தனைகளோடு தளர்த்தியது. மார்க்கத்தின் விதியை உங்கள் நகரசபையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில்லின் நடுவில் இருந்து அதைச் சுழலவிடும் பெயரிங்கைப் பற்றிக் கடையில் நிறையச் சொல்வார்கள். ஏபெக் 5, 7, 9 என்ற இலக்கங்கள் அது எவ்வளவு நுணுக்கமான அளவில் செய்யப்பட்டது என்பதைக் குறிப்பவை, வேகத்தைக் குறிப்பவையல்ல. தூசி நிறைந்த வீதியில் விலை குறைந்த ஒன்றைத் துப்புரவாக வைத்திருந்தாலே போதும். வாங்கும்போது மட்டும் கவனியுங்கள்: பெரும்பாலான சில்லுகள் 22 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள 608 என்ற வகையை ஏற்கும், சில ஹொக்கிச் சில்லுகள் 16 மில்லிமீற்றர் அளவுள்ள சிறிய பெயரிங்கைக் கேட்கும். ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் பொருந்தாது.

தேய்மானம் இன்னொரு செலவு. ஆனால் அதிலேயே ஒரு லாபமும் உண்டு. உந்தும்போது உட்பக்கம்தான் தேயும் என்பதால் சில்லுகளை அவ்வப்போது திருப்பிப் பூட்டி, வலக்காலுக்கும் இடக்காலுக்கும் இடையிலும் மாற்றிக்கொள்ளுங்கள். வளைவு கொடுத்த ஸ்கேற்றில் நடுச் சில்லுகள் விரைவில் தேய்ந்து, சில மாதங்களில் நான்கும் மறுபடி மட்டமாகிவிடும். அப்போது நடுச் சில்லுகளின் பழைய அளவிலேயே புதியவை இரண்டை நடுவில் பூட்டி, தேய்ந்தவற்றை முனைகளுக்குத் தள்ளினால் வளைவு தானாகவே திரும்பிவிடும். என் வீட்டில் முனைகளுக்கென்று புதிய சில்லு வாங்கும் வழக்கமே இல்லாமல் போனது இப்படித்தான்.

சப்பாத்தும் சட்டமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹொக்கி ஸ்கேற், சாதாரண சப்பாத்தின் அளவைவிட ஒன்று அல்லது ஒன்றரை அளவு சிறியதாக வாங்கப்படுவது. வளர்வான் என்று பெரியதாக எடுத்தால் குதி ஆடி, எந்தச் சில்லு பூட்டியும் பயனில்லை. சுவீடனைச் சேர்ந்த பெர் மோர்ஸ் என்ற ஹொக்கி வீரர் உருவாக்கிய மார்ஸ்பிளேட் என்ற சட்டம் பாதத்தின் கீழ் தானே முன்னும் பின்னும் உருண்டு கொடுக்கும். ஐஸின் உணர்வுக்கு மிகக் கிட்ட வருவது அதுவே என்பது என் அபிப்பிராயம். ஆனால் வருடத்துக்கு ஒரு அளவு வளரும் காலுக்கு அந்தப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. பழைய விளையாட்டுப் பொருட்களை வாங்கி விற்கும் கடையில் நல்ல சப்பாத்தாகத் தேடி எடுத்து, மிஞ்சிய பணத்தைச் சில்லில் போடுங்கள்.

ஹொக்கி இன்லைனில் குதித் தடுப்பு இருப்பதில்லை. ஐஸில் நிற்கிற மாதிரியே நிற்க முயன்றால் சில்லு பிடித்துக்கொள்ள, உடல் மட்டும் முன்னே போய்விழும். ஆகவே பின்காலை முன்காலுக்குக் குறுக்காக வைத்து இழுத்து நிறுத்துவதையும், இறுகிய வட்டமாகத் திரும்பி வேகத்தைக் குறைப்பதையும் மட்டமான சில்லிலேயே அவன் நன்றாகப் பழகிய பின்னர் வளைவைத் தொடங்குங்கள். தலைக்கவசத்தோடு மணிக்கட்டுக் காப்பும் போடட்டும். முழங்காலை ஆழமாக மடித்து ஓடுகிறானா என்பதையும் பாருங்கள். சில்லு நிமிர்ந்து நின்று ஓடினாலும் ஓடும்; ஐஸ் விடாது, கார்த்திகையில் திரும்ப ஏறும்போது அந்தக் கெட்ட பழக்கம் தெரிந்துவிடும்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ஸ்கேற்றின் சில்லுகளில் உள்ள இரண்டு இலக்கங்களையும், அச்சுகள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்பதையும் எழுதியனுப்புங்கள். மேலதிகமாக எந்தச் சில்லுகள் எத்தனை வாங்க வேண்டும் என்று சரியாகச் சொல்லிவிடலாம்.