வாசகர் கேள்வி பதில்: பந்திகளை எந்த வரிசையில் வைப்பது?

கேள்வி: 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைப் பற்றி எங்கள் சனசமூக நிலைய மலருக்கு ஒரு கட்டுரை எழுதினேன். பெரியவர்களிடம் கேட்டறிந்தவற்றை நடந்த வரிசையிலேயே கொடுத்திருந்தேன். "தகவல் நிறைய உண்டு, வாசித்த பிறகு ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை" என்று மலர்க்குழுவினர் திருப்பித் தந்துவிட்டார்கள். பிழை எங்கே இருக்கிறது?
வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: நீங்கள் அனுப்பிய பிரதியைப் படித்தேன். சூறாவளி வீசிய இரவைப் பற்றிய பகுதியில் கை வைக்க வேண்டாம். அங்கே வாசகர் மனத்தில் எழும் கேள்வி "அடுத்து என்ன நடந்தது?" என்பதுதான், ஆகவே கால வரிசையே பொருத்தம். விடிந்த பிறகு அந்தக் கேள்வி மாறிவிடுகிறது. ஊர் மீள ஏன் அத்தனை காலம் எடுத்தது என்பதை அறிய வாசகர் காத்திருக்க, நீங்களோ நாட்குறிப்பையே தொடர்கிறீர்கள். வீழ்ந்த தென்னைகள் இரண்டாம் பக்கத்திலும், கிடுகுத் தட்டுப்பாடு நான்காம் பக்கத்திலும், வளவுகளில் புதிய கன்றுகள் நட்டது கடைசிப் பக்கத்திலும் கிடக்கின்றன.

இம்மூன்றும் ஒரே பந்திக்குரியவை. காற்று கிடுகுக் கூரைகளைப் பிடுங்கியது. புதுக் கிடுகு பின்னுவதற்கு ஓலை தரவேண்டிய தென்னைகளும் அதே காற்றில் சாய்ந்தன. நட்ட கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகளாவது செல்லும். ஆகவே கூரையும் வருமானமும் ஒரே மரத்தோடு போயின. காரணமும் விளைவும் இவ்வாறு அடுத்தடுத்து வரும்போது, ஒரு தகவலைப் பிடித்துக்கொண்டே வாசகர் மற்றதை நினைவில் வைத்துக்கொள்கிறார். தனித்தனியே கிடந்தால் ஒவ்வொன்றையும் தனிச்சுமையாகத் தூக்க வேண்டியிருக்கும். பொனி மேயர் என்ற ஆய்வாளரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் ஒன்பதாம் வகுப்பு மாணவரை வைத்து நடத்தி 1980 இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: எழுதியவர் அமைத்த ஒழுங்கைக் கண்டுகொண்டு அதன் வழியே சென்ற மாணவர்கள், வாசித்ததைக் கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள்.

நம் இலக்கணகாரரும் இதை அறியாதவர்கள் அல்லர். நூலுக்குரிய பத்து அழகுகளில் ஒன்றாக 'முறையின் வைப்பு' என்பதையும், பத்துக் குற்றங்களில் ஒன்றாக 'மற்றொன்று விரித்தல்' என்பதையும் நன்னூல் சொல்கிறது. சூறாவளிக்கு நடுவே நீங்கள் கல்லடிப் பாலத்தின் வரலாற்றுக்கு ஒரு முழுப் பந்தி ஒதுக்கியிருப்பது இரண்டாவதைச் சேர்ந்தது. (மலர்க் கட்டுரை என்றாலே ஊரின் பெயர்க்காரணத்தில் தொடங்கி, தெரிந்தவை அனைத்தையும் கொட்டிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு, நானும் அப்படி எழுதியவன்தான்.) பாலம் பற்றிய பந்தியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; அது வேறொரு கட்டுரையாக வளரும்.

கேள்வி: வடமோடி, தென்மோடிக் கூத்துக்களை ஒப்பிட்டு எழுதச் சொன்னால், என் மாணவர்கள் முதலில் வடமோடியை முழுவதும் எழுதிவிட்டுப் பின்னர் தென்மோடிக்கு வருகிறார்கள். இதை ஏற்கலாமா?
ஆசிரியர், திருக்கோவில்

பதில்: ஒரு பக்கக் கட்டுரையானால் ஏற்கலாம். அதற்கு மேல் நீண்டால், தென்மோடியின் பாட்டைப் பற்றி வாசிக்கும்போது வடமோடியின் பாட்டைப் பற்றிச் சொன்னது மறந்துபோயிருக்கும். ஒப்பிடும் வேலையை வாசகர் தலையில் கட்டியதாகவே முடியும். கதை, ஆட்டம், பாட்டு, உடை என்று ஒவ்வொரு கூறாக எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்து எழுதச் சொல்லுங்கள். வடமோடிக்குப் பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதைகளே பொருளாகின்றன என்று எழுதினால், தென்மோடி எவ்வகைக் கதைகளை நாடுகிறது என்பதை அடுத்த வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். எந்தக் கூத்து முதலில் வருகிறதோ, அதுவே எல்லாப் பந்திகளிலும் முதலில் வரட்டும்.

வகுப்பில் ஒன்று செய்து பார்க்கலாம். நன்றாக அமைந்த ஒரு கட்டுரையைப் படியெடுத்து, பந்தி பந்தியாக வெட்டி, கலைத்து, குழுக்களிடம் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். இரு குழுக்கள் வெவ்வேறு வரிசையில் அடுக்கினால், சரியான விடையை உடனே சொல்லிவிடாமல், எந்தச் சொல்லைப் பார்த்து இந்தப் பந்தியை இங்கே வைத்தீர்கள் என்று கேளுங்கள். 'ஆகவே', 'இதற்கு மாறாக', 'மேற்சொன்ன' போன்ற சொற்களை அவர்களே விரல் வைத்துக் காட்டுவார்கள்.