மடியில் விழுந்த அன்னாசி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

மெக்ஸிகோ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இந்த ஜூலையில் வஹாக்கா போனேன். ஹூஸ்டனிலிருந்து பக்கம், நான்கு நாள் லீவு கிடைத்தது, கெலகெட்சா விழாவும் அதே வாரத்தில் வந்தது. முன்பகுதிக்கே டிக்கெட் வாங்கி உட்கார்ந்தேன். ஆட்டமெல்லாம் அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு ஊர்க் குழுவும் வந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஆடிவிட்டுப் போகிறது. என்னைச் சுற்றி எல்லாரும் வெளியூர்க்காரர்கள். பின்னால் இருக்கும் இலவசப் பகுதிக்காக உள்ளூர் ஜனங்கள் விடிகாலையிலிருந்தே வரிசையில் நின்றதாக டாக்ஸி ஓட்டியவர் சொன்னார். திரும்பி வந்து இணையத்தில் தேடினால் இந்த விழாவே 1932இல் தொடங்கியதாம், அன்னாசிப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடுவது 1958இல் ஒரு டீச்சர் அமைத்ததாம். பழைய பாரம்பரியம் என்று நம்பிப் போனவனுக்கு ஏமாற்றமாகிவிட்டது. நான் பார்த்தது வெறும் சுற்றுலா நிகழ்ச்சிதானா?

அந்த ஆட்டம் முடிந்ததும் மேடையிலிருந்து வீசிய ஒரு அன்னாசி என் மடியில் வந்து விழுந்தது. விமானத்தில் கொண்டுவர முடியாதே என்று ஓட்டல் அறையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆர்., ஹூஸ்டன்

அன்புள்ள ஆர்.,

அந்த அன்னாசியை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டாம். ஓட்டல் வாசலில் நின்றவரிடம் ஒரு கத்தி கேட்டு வெட்டி, அவருக்கு இரண்டு துண்டு கொடுத்துவிட்டு நீங்களும் சாப்பிட்டிருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் உங்கள் மடியில்தான் விழுந்தது, அதனால் சொல்கிறேன்.

கெலகெட்சா என்பது முதலில் ஒரு விழாவின் பெயரே இல்லை. அந்தப் பகுதிப் பூர்வகுடிகள் பேசும் ஸபோதெக் மொழியில் அது கொடுக்கல் வாங்கலைக் குறிக்கும் சொல். ஒரு வீட்டில் கல்யாணமோ சாவோ சாமி காரியமோ வந்தால், சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வான்கோழி, மக்காச்சோளம், சாக்லேட் செய்யும் கக்காவ் கொட்டை, முட்டை, மெஸ்கால் சாராயம் என்று கொண்டுவந்து இறக்குகிறார்கள், கூடவே நாள் கணக்கில் நின்று வேலையும் செய்கிறார்கள். அத்தனையும் கணக்கு. அவர்கள் வீட்டில் காரியம் வரும்போது இதே அளவு திரும்பிப் போக வேண்டும். மொய் எழுதி வளர்ந்த நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் மொய் இப்போது பெரும்பாலும் கவரில் போட்ட பணமாகிவிட்டது, அங்கே அது இன்னும் உயிரோடு றெக்கையை அடித்துக்கொண்டு வருகிறது.

இதை நான் பார்த்தது தெயோதித்லான் தெல் வாயேயில். வஹாக்கா நகரத்திலிருந்து 30 கிலோமீட்டர் போல இருக்கும், கம்பளி நெசவுக்குப் பேர் போன ஊர். கள்ளிச்செடியில் வளரும் ஒரு பூச்சியைக் காயவைத்து அரைத்து, அதில் சிவப்புச் சாயம் எடுப்பார்கள். நான் தங்கியிருந்த நெசவாளர் வீட்டில் இரண்டு நாள் கழித்து ஒரு கல்யாணம். சமையல்கட்டு வாசலில் ஒரு அம்மா வான்கோழியைக் காலைக் கட்டித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இன்னொருவர் அதைக் கொக்கித் தராசில் மாட்டி எடை பார்க்கிறார். மூன்றாவதாக அந்த வீட்டுப் பாட்டி, எண்ணெய்க் கறை படிந்த ஒரு பள்ளிக்கூட நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெயர், தேதி, வான்கோழி ஒன்று, இத்தனை கிலோ, இத்தனை கிராம். எடை தெரியாமல் ஒன்றுமே உள்ளே போகாது. திருப்பிக் கொடுக்கும்போது இளைத்த பறவையைக் கொண்டுபோய் நிறுத்திவிடக் கூடாது இல்லையா? நோட்டைப் புரட்டினால் முன்பக்கங்களில் பாதி வரிகள் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. அவையெல்லாம் தீர்ந்த கடன். அடிக்காமல் கிடந்த வரிகளில் சிலது அந்தப் பாட்டியின் மாமியார் காலத்தவை. ஆள் இறந்துவிட்டாலும் கடன் பிள்ளைகளுக்கு இறங்கும். பையனுக்குக் கல்யாணம் என்றால் பல வருஷம் முன்பிருந்தே ஊரில் வீடு வீடாக வான்கோழி கொடுத்து வைக்கிறார்கள், தேவைப்படும்போது எல்லாம் சேர்ந்து திரும்பி வரும். வங்கி இல்லாத ஊரில் பெண்கள் நடத்தும் வங்கி என்றுதான் எனக்குத் தோன்றியது.

சரி, இந்தச் சொல் நீங்கள் விழா பார்த்த, குன்றின் மேல் இருக்கிற அந்த அரங்கத்துக்கு எப்படிப் போனது? ஃபோர்தின் குன்றில் ஜூலை மாதத்துத் திங்கட்கிழமைகளில் ஜனங்கள் கூடுவது பழைய வழக்கம். அங்கே மக்காச்சோளத் தெய்வத்துக்கு முன்காலத்தில் விழா எடுத்தார்கள் என்பார்கள், பிறகு அது ஜூலை 16இல் வரும் கார்மேன் மாதா திருநாளோடு ஒட்டிக்கொண்டது. 'குன்றுத் திங்கள்' என்றுதான் ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். 1931 ஜனவரியில் பெரிய நிலநடுக்கம் வந்து வஹாக்கா நகரம் சிதைந்துபோனது. அடுத்த வருஷம், ஸ்பெயின் அரசர் அந்த ஊருக்கு நகர அந்தஸ்து கொடுத்து 400 வருஷம் நிறைவு. மனம் உடைந்து கிடந்த ஊரை நிமிர்த்த ஒரு விழா எடுத்தார்கள். வஹாக்கா மாநிலத்தின் எல்லாப் பகுதியிலிருந்தும் குழுக்கள் தங்கள் உடையிலும் ஆட்டத்திலும் வந்து, அதன் தலைநகரமான இந்த ஊருக்கு மரியாதை செய்து காணிக்கை வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கு அப்போது வைத்த பெயர் 'இன அஞ்சலி'. கெலகெட்சா என்ற பெயர் அதன் மேல் வந்து உட்கார்ந்தது அதற்கு அப்புறம்தான். ஆக இணையத்தில் நீங்கள் படித்தது சரி. மேடை நிகழ்ச்சிக்கு வயது நூறு கூட ஆகவில்லை.

ஆனால் வயது குறைவு என்பதால் அதைப் போலி என்று நீங்கள் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த அன்னாசி ஆட்டத்தையே எடுங்கள். வஹாக்காவின் பாப்பலோவாப்பன் ஆற்றுப் பகுதி அண்டை மாநிலமான வெராக்ரூஸை ஒட்டியது, அங்கிருந்து வந்த குழுக்கள் வெராக்ரூஸ் பாணியிலேயே ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் மாநிலத்துக்கென்று ஒன்று வேண்டும் என்று ஆளுநர் கேட்க, அந்தப் பகுதி ஊரான துஸ்தெபெக்கைச் சேர்ந்த ஆசிரியை பவுலினா சொலிஸ் 1958இல் இதை அமைத்தார். அது அன்னாசி விளையும் பூமி. அன்றைக்கு அது ஒரு டீச்சர் சொல்லிக்கொடுத்த ஆட்டம்தான். இன்றைக்கு அந்தப் பகுதிப் பெண் குழந்தைகள் நடக்கத் தொடங்கியதுமே அதன் அடவைக் காலில் போட்டுப் பார்க்கிறார்கள். ஒரே ஆட்டத்தில் இருபது முப்பது பெண்கள் வரிசையாக நிற்கும்போது எல்லாரும் ஒரே மாதிரி உடுப்பு போட்டிருக்க மாட்டார்கள், கவனித்தீர்களா? ஒவ்வொன்றும் ஒரு கிராமத்துத் தறியில் நெய்து, அந்த ஊர்ப் பறவையும் பூவும் பின்னியது. அம்மா நெய்து கொடுத்ததைப் போட்டுக்கொண்டு மகள் ஆடுகிறாள், பாட்டி கீழே உட்கார்ந்து அழுகிறாள். இதற்கு எத்தனை நூற்றாண்டுப் பழமை வேண்டும் என்று யார் கணக்குப் போடுவது?

எனக்கும் அந்த மேடையில் குறை இருக்கிறது. அது நீங்கள் சொல்லும் குறை இல்லை. எந்த ஊர்க் குழு மேலே ஏறலாம் என்பதை முடிவு செய்ய அங்கே 'அசல்தன்மைக் குழு' என்றே ஒன்று உண்டு. ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிறார்கள், உடையில் இது புதுசு, அந்த நகை உங்கள் வழக்கம் இல்லை என்று திருத்துகிறார்கள். தன் பாட்டியின் உடையைத் தான் எப்படிப் போட வேண்டும் என்பதை இன்னொருவர் வந்து ஒரு பெண்ணுக்குச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வாழ்கிற வழக்கம் என்றால் மாறத்தான் செய்யும். உங்களைப் போலப் 'பழசு வேண்டும்' என்று கேட்டு வருகிற பார்வையாளர்களுக்காகத்தான் அதை அப்படியே உறையவைக்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று அந்த வரிசை. சுமார் 11,000 பேர் அமரும் அரங்கம். முன்பகுதிக்குக் காசு, பின்பகுதி இலவசம். இது உங்களை உறுத்தியதே, அது சரியான உறுத்தல். கெலகெட்சா என்ற சொல்லுக்குள்ளேயே திருப்பிக் கொடுப்பதும் இருக்கிறது. 1932இலிருந்து கிராமங்கள் நகரத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தபடியே இருக்கின்றன, நகரம் அவர்கள் வீட்டுக்கு எதைத் திருப்பிக் கொண்டுபோனது? இந்தக் கேள்வியை அந்த ஊர் ஆசிரியர்களே கேட்டார்கள். 2006இல் அவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள், ஜூன் 14 அன்று போலீஸ் அவர்களை நகரச் சதுக்கத்திலிருந்து விரட்டப் பார்த்தது, ஊரே அவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. அந்த வருஷம் அரசு விழா நடக்கவில்லை. ஆசிரியர்களும் ஜனங்களும் சேர்ந்து டிக்கெட் இல்லாமல் தங்கள் கெலகெட்சாவை நடத்திக்கொண்டார்கள். 'மக்கள் கெலகெட்சா' என்று அதற்குப் பிறகும் அது தொடர்ந்து வந்தது. ஒரு விழா யாருடையது என்று தெருவில் இறங்கிச் சண்டை போடுகிறார்கள் என்றால் அது அவர்களுக்குச் சொந்தமானது. வெறும் சுற்றுலா நிகழ்ச்சிக்காக யாரும் அடி வாங்க மாட்டார்கள்.

அடுத்த முறை போனால் என்ன பார்க்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இறகு நடனத்தைக் குன்றில் பார்த்திருப்பீர்கள், தலையில் வட்டமாகப் பெரிய இறகுக் கிரீடம் வைத்துத் துள்ளுவார்களே, அது. அதையே தெயோதித்லானில் கோயில் முற்றத்தில் பாருங்கள். அஸ்டெக் அரசர் மோக்தெசூமாவும் ஸ்பெயினிலிருந்து படையெடுத்து வந்த கோர்தெஸும் மோதிய கதை, காலையில் தொடங்கி நாள் முழுக்கப் போகும். ஸ்பானியச் சிப்பாய்களாக வருவது சின்னப் பையன்கள். ஆடுகிற இளைஞர்கள் மூன்று வருஷத்துக்கு நேர்ந்துகொண்டு ஆடுகிறார்கள். உடைக்கும் கிரீடத்துக்கும் ஆகும் செலவு அவர்கள் வீட்டுடையது. வெயிலில் அந்தக் கிரீடத்தோடு குதித்துக் குதித்துச் சாயங்காலம் ஒருவனுக்குக் கால் நடுங்கியதைப் பார்த்தேன். அவன் அம்மா ஓரத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள், அவன் வாங்கவில்லை, அந்தச் சுற்று முடியட்டும் என்று தலையை மட்டும் ஆட்டினான். பத்து நிமிட மேடையில் இது தெரியாது.

அப்புறம் தெஹாத்தே குடித்தீர்களா? குடிக்காமல் வந்திருந்தால் அதற்காகவே இன்னொரு முறை போகலாம். சாம்பல் போட்டு வேகவைத்த மக்காச்சோளம், வறுத்த கக்காவ், மாமே என்ற அந்த ஊர்ப் பழத்தின் கொட்டை, ஒரு மரத்தின் காய்ந்த வாசனைப்பூ, எல்லாவற்றையும் நைசாக அரைத்த மாவை அகலமான மண்சட்டியில் போட்டு, முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்துகொண்டே குளிர்ந்த தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். ஊற்ற ஊற்ற மேலே வெள்ளையாக, திட்டுத் திட்டாக நுரை கட்டும். அதுதான் தெஹாத்தேயின் உயிர், நுரை சரியாக எழவில்லையென்றால் அந்த அம்மா முகமே வாடிவிடும். சிவப்பு வண்ணம் பூசிப் பூ வரைந்த ஓட்டில் மொண்டு கொடுப்பார்கள். நம்மூர்ச் சிவன் கோயில்கள் சிலவற்றில் திருவோட்டு மரம் என்று காட்டுவார்களே, அந்தக் காயின் ஓடு அது. அந்த மரத்துக்குப் பூர்வீகமே அமெரிக்கக் கண்டம்தான்.

கடைசியாக அந்த அன்னாசி. ஆட்டம் முடிந்ததும் பழத்தையும் ரொட்டியையும் தொப்பியையும் கூட்டத்துக்குள் வீசுகிறார்கள் இல்லையா, அதற்கும் அவர்கள் சொல்லும் பெயர் கெலகெட்சாதான். டிக்கெட், வரிசை எல்லாவற்றையும் தாண்டி, தங்கள் மண்ணில் விளைந்ததை முன்பின் தெரியாத ஒருவர் மடியில் போடுகிறார்கள். அந்தக் கல்யாண வீட்டுக்கு நான் வெறுங்கையோடு போகக் கூடாது என்று சந்தையில் ஒரு கிலோ சாக்லேட்டும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு போனேன். பாட்டி வாங்கி நிறுத்துப் பார்த்தார். நோட்டை எடுத்தார். என் பெயரைக் கேட்டார், இரண்டு தடவை சொல்லச் சொல்லி, தன் காதுக்குக் கேட்டபடி எழுதினார். விருந்தாளி கொடுத்ததை எதற்கு எழுதுகிறீர்கள், நான் எங்கோ இருக்கிறவள் என்றேன். அவர் பேத்தி மொழிபெயர்த்துச் சொன்னதும் பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்து, "உன் வீட்டில் யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். என் தங்கை மகளுக்கு இன்னும் மூன்று நான்கு வருஷம் ஆகும் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வான்கோழியைத் தராசில் மாட்டச் சொன்னார்.

அன்புடன்,
அக்கா