சேற்றுக்குள் போன எண்ணெய் என்ன ஆகும்?

கேள்வி: கடலில் கொட்டிய எண்ணெயை பாக்டீரியாவே தின்று தீர்த்துவிடும் என்கிறார்கள். கரையோரச் சேற்றில் கொஞ்சம் ஆழம் போனாலே காற்று கிடையாதே, அங்கே இறங்கிய எண்ணெயை எது தின்னும்?

பதில்: அதற்கும் பாக்டீரியா இருக்கிறது. ஆனால் ரொம்ப மெதுவாகத் தின்னும், அதுவும் பிடித்ததை மட்டும்.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் எண்ணெய் அப்படியே கிடக்கும் என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1991இல் ஜெர்மனியின் ஃப்ரிட்ரிஷ் விட்டெல் குழுவினர், ஓர் எண்ணெய் வயலில் எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் தொட்டியிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிடித்து வளர்த்தார்கள். அது துளி ஆக்சிஜன் இல்லாமல் ஹெக்ஸாடெகேன் என்ற எண்ணெய்ப் பொருளைத் தின்றது. நாம் ஆக்சிஜனை வைத்து மூச்சு விடுகிறோம் என்றால் இந்த வகை சல்பேட்டை (கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்) வைத்துச் சமாளிக்கிறது. கடல் நீரில் லிட்டருக்கு இரண்டரை கிராமுக்கு மேலேயே சல்பேட் இருப்பதால் அதற்குப் பஞ்சமில்லை. சல்பேட் கடைசியில் ஹைட்ரஜன் சல்பைடு ஆகிவிடும். சதுப்புச் சேற்றைக் கிளறினால் வருகிற அழுகிய முட்டை நாற்றம் இதுதான். அது இரும்போடு சேர்ந்துதான் சேறு கறுக்கிறது.

இந்த வழியில் கிடைக்கும் சக்தி கொஞ்சம்தான், அதனால் பெருகுவதும் மெதுவாகத்தான். அப்புறம், சாப்பாட்டில் கறிவேப்பிலையை ஒதுக்கி வைப்பதுபோல, நேர்ச்சங்கிலி மூலக்கூறுகளை (கார்பன் அணுக்கள் ஒரே வரிசையில் கோத்தவை) முதலில் காலி செய்துவிட்டு, கிளை விட்டவற்றையும் பல வளையம் கொண்டவற்றையும் விட்டுவிடும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வெஸ்ட் ஃபால்மத் பக்கம் 1969 செப்டம்பரில் 'ஃப்ளோரிடா' என்ற பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) தரைதட்டி, சுமார் 7 லட்சம் லிட்டர் டீசல் வகை எண்ணெய் கொட்டியது. முப்பது வருஷம் கழித்துச் சதுப்பில் மண் எடுத்துப் பார்த்தால், மேலே சுத்தம், சில அங்குலம் கீழே எண்ணெய்! நேர்ச்சங்கிலிப் பொருள்கள் போயிருந்தன, சிக்கலானவை மிச்சம். அங்கே வளை தோண்டும் ஃபிட்லர் நண்டுகள் (ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருக்குமே, அதுதான்) எண்ணெய் அடுக்கு வந்ததும் கீழே போகாமல் பக்கவாட்டில் திரும்பிவிடுவதையும் பார்த்திருக்கிறார்கள்.

கேள்வி: சரி, பாக்டீரியாப் பொடி வாங்கித் தூவினால்?

பதில்: காசுக்குத்தான் கேடு. தின்கிற பாக்டீரியா ஏற்கெனவே அங்கேயே இருக்கிறது, விதை போதாமல் எதுவும் நின்றுபோகவில்லை. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது கரைக்கு உரம் போட்டார்கள். நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிடைத்ததும் மேற்பரப்பில் சிதைவு வேகம் பிடித்தது. ஆனால் கூழாங்கல்லுக்கு அடியில், தண்ணீர் சரியாக ஓடாத, ஆக்சிஜன் எட்டாத அடுக்கில் இருபது வருஷம் கழித்தும் எண்ணெய் இருந்தது. கிளறிவிட்டுக் காற்றுப் போக வைக்கலாமே என்று தோன்றும். மணல் கரையில் செய்யலாம்தான். சதுப்பில் மட்டும் வேண்டாம், வேர் அறுந்து செடி போய்விடும், ஆட்கள் மிதிக்க மிதிக்க மேலே கிடக்கிற எண்ணெயும் காற்றில்லாத ஆழத்துக்கு இறங்கிவிடும்.